அர்ரே என்னும் புறம்போக்கு

2018 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் உலகத்தில் ஒரு பெயர்ச் சண்டை வெடித்தது. பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால், உள்ளே இருப்பவற்றை வெளியே எடுத்து ஒரே பட்டியலாக்கித் தரும் வசதி ஒன்று மொழிக்குள் வரவிருந்தது. ‘ஃப்ளாட்டன்’ என்று பெயர். வேறு பல மொழிகளிலும் அதே பெயர்தான் என்பதால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் சேர்த்துப் பார்த்தார்கள். சேர்த்ததும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஓர் இணையதளம் உடைந்தது. தேடிப் போனால், 2006-இல் வெளியான மூடூல்ஸ் என்ற லைப்ரரியில் போய் நின்றது தடம்.

மொழியின் விதிகளை வகுக்கும் டிசி39 குழுவின் உறுப்பினர் மைக்கேல் ஃபிகாரா, ‘ஸ்மூஷ்’ என்று மாற்றிவிடலாமே என்று விளையாட்டாக ஒரு திருத்தம் எழுதிப் போட்டார். அதை நிஜமென்று நம்பிப் பாதிப் பேர் கொதித்தார்கள்; மீதிப் பேர் சிரித்தார்கள். மே மாதம் குழு கூடி ‘ஃப்ளாட்’ என்று முடித்துவைத்தது. 2019-ஆம் ஆண்டுத் தரத்தில் அந்தப் பெயரோடுதான் அது இடம்பெற்றது.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு லைப்ரரி, உலகம் முழுதும் பயன்படுத்தும் ஒரு மொழியில் ஒரு சொல்லை எப்படித் தடுக்க முடிந்தது? விடை, அர்ரே என்ற சாதுவான பொருளுக்குள் இருக்கிறது.

பள்ளிப் பாடநூல் ‘அணி’ என்று சொல்லும் அர்ரே, நிரல் எழுதுகிறவர் நாள் முழுக்கக் கையாளும் பண்டம். மாணவர் பட்டியல், ரயில் நேரங்கள், கடைச் சாமான்கள் என எதையும் வரிசை எண்ணோடு அடுக்கி வைக்கலாம். அதோடு சில மெத்தட்கள் கூடவே வரும்: கடைசியில் ஒன்றைச் சேர், ஒரு துண்டை வெட்டிக் கொடு, வரிசைப்படுத்து. மொழி தருவது போதாதபோது, சொந்தமாக ஒன்றைச் சேர்க்கத் தோன்றும். தமிழில் வேலை செய்பவருக்கு அந்த ஆசை வெகு சீக்கிரம் வரும். ஏன் என்று காட்டுகிறேன்.

மரம், மலர், மறதி, மனம். இந்த நான்கு சொற்களும் அகராதியில் இதே வரிசையில்தான் வரும். ரகரம், லகரம், றகரம், னகரம் என்பது நம் நெடுங்கணக்கின் ஒழுங்கு. இவற்றை ஒரு அர்ரேயில் போட்டு, ஜாவாஸ்கிரிப்டின் வரிசைப்படுத்தும் மெத்தடை வெறுமனே அழைத்தால் கிடைப்பது மனம், மரம், மறதி, மலர். கடைசியில் இருக்க வேண்டிய மனம் முதலில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்த மெத்தட் எழுத்துகளின் யூனிகோட் எண்ணை மட்டும் ஒப்பிடுகிறது. யூனிகோடின் தமிழ்ப் பகுதியோ இந்திய அரசின் இஸ்கி குறியீட்டு அட்டவணையை ஒட்டி அமைந்தது. எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே சட்டகம். அதனால் னகரம் நகரத்துக்குப் பக்கத்திலும், றகரம் ரகரத்துக்குப் பக்கத்திலும் போய் ஒட்டிக்கொண்டன. பெயர்ப் பட்டியலோ நூலகப் பட்டியலோ போடுகிறவர்கள் இதில் ஒருமுறையாவது இடித்துக்கொள்ளாமல் இருக்க முடியாது.

தீர்வு மொழிக்குள்ளேயே இருக்கிறது. கொலேட்டர் என்ற கருவியிடம் தமிழ் என்று சொல்லிவிட்டால் சரியான ஒழுங்கைத் தரும். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் அந்த நீண்ட வரியை எழுதுவது அலுப்பு. ‘சொற்கள்.தமிழ்வரிசை()’ என்று எழுத முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! முடியும். அர்ரேயின் புரோட்டோடைப்பில் ‘தமிழ்வரிசை’ என்ற பெயரில் ஒரு ஃபங்ஷனை ஒட்டிவிட்டால் போதும். மூன்று வரி வேலை. ஜாவாஸ்கிரிப்ட் தமிழ் எழுத்தில் பெயர் வைப்பதையும் ஏற்கும், புள்ளி உட்பட. அந்த வரிகள் ஓடி முடித்த நொடியிலிருந்து, அந்தப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு அர்ரேயும், ஏற்கெனவே உருவானவை உட்பட, தமிழில் வரிசைப்படுத்தத் தெரிந்துகொள்ளும்.

‘ஏற்கெனவே உருவானவை உட்பட’ என்பதில்தான் வசதியும் வினையும் சேர்ந்தே இருக்கின்றன. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தை எழுதியபோது, பொருள்களை அமைக்கும் முறையை செல்ஃப் என்ற ஆய்வு மொழியிலிருந்து எடுத்துக்கொண்டார். அதை டேவிட் உங்காரும் ராண்டல் ஸ்மித்தும் எண்பதுகளில் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் வடிவமைத்திருந்தார்கள். இந்த முறையில் மெத்தட்கள் ஒவ்வொரு அர்ரேயிலும் தனித்தனியாக இருப்பதில்லை. புரோட்டோடைப் என்ற ஒரே பொருளில் எல்லாம் இருக்கும். ஒரு அர்ரேயிடம் ‘வரிசைப்படுத்து’ என்றால், எஞ்சின் முதலில் அந்த அர்ரேயிலேயே தேடும். இல்லையென்றால் புரோட்டோடைப்பில் போய்த் தேடும். பக்கத்தில் பத்தாயிரம் அர்ரே இருந்தாலும் புரோட்டோடைப் ஒன்றுதான். அதற்குப் பூட்டும் கிடையாது.

நம் ஊர்க் கணக்கில் அது புறம்போக்கு. பட்டா யார் பெயரிலும் இல்லை. யார் வேண்டுமானாலும் குடிசை போடலாம். உங்கள் நிரல் மட்டும் அங்கே குடியிருந்தால் பிரச்சினை இல்லை. ஒரு சாதாரணச் செய்தித் தளத்தைத் திறந்தால் விளம்பர நிறுவனத்தின் நிரல், வருகையைக் கணக்கெடுக்கும் நிரல், வீடியோ ஓட்டும் நிரல் என்று ஒரு கூட்டமே உள்ளே வருகிறது. அத்தனைக்கும் அதே புரோட்டோடைப்தான்.

முதல் தொல்லை உடனே தெரியும். ஒரு பொருளில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ‘ஃபார் இன்’ என்ற சுற்று உண்டு. அர்ரேக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று புத்தகங்கள் சொல்லும். பழைய நிரல்களில் தாராளமாகப் பயன்படுத்தியிருப்பார்கள். நம் நான்கு சொற்கள் மீது அதை ஓட்டினால் 0, 1, 2, 3 வந்தபின் ஐந்தாவதாக ‘தமிழ்வரிசை’ என்ற பெயரும் வந்து நிற்கும். ஒட்டிய மெத்தடும் எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டது. மொழியோடு பிறந்த மெத்தட்கள் இப்படி எட்டிப் பார்ப்பதில்லை, அவற்றுக்கு ‘எண்ணத்தகாதது’ என்ற முத்திரை உண்டு. நாமும் அந்த முத்திரையைக் குத்தும் வசதி 2009 டிசம்பரில் வந்த, மொழித் தரத்தின் ஐந்தாம் பதிப்பில்தான் கிடைத்தது. மூடூல்ஸ் பிறந்தது அதற்கு மூன்று வருடம் முன்பு.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நியாயமாகப் பார்க்க வேண்டும். 1999-இல் மூன்றாம் பதிப்பு வந்தபின் பத்து ஆண்டுகள் மொழியின் தரத்தில் புதிய பதிப்பே இல்லை. நான்காம் பதிப்பு குழுவுக்குள் நடந்த இழுபறியில் 2008-இல் கைவிடப்பட்டது. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையைச் செய், பொருந்துபவற்றை மட்டும் வடிகட்டு என்பன போன்ற அடிப்படை மெத்தட்கள்கூடத் தரத்தில் கிடையாது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 கோலோச்சிய காலம் வேறு. அந்த வறட்சியில் 2005-இல் சாம் ஸ்டீஃபன்சன், ரூபி மொழியின் சுகங்களை ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொண்டுவந்து ஒரு லைப்ரரி எழுதினார். அதன் பெயரே புரோட்டோடைப். அடுத்த வருடம் வலேரியோ புரோயெட்டி மூடூல்ஸை வெளியிட்டார். இருவரும் செய்தது பசித்தவருக்குச் சோறு போட்ட காரியம். மொழிக்கு என்ன தேவை என்று குழுவுக்குக் காட்டிக்கொடுத்ததில் இத்தகைய லைப்ரரிகளுக்குப் பங்குண்டு. அவர்களை வில்லனாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி, ஃப்ளாட்டன் எப்படி உடைத்தது என்று பார்ப்போம். மூடூல்ஸின் ஃப்ளாட்டனும் மொழியின் ஃப்ளாட்டனும் வேறு வேறு விதமாக வேலை செய்ததால் வந்த மோதல் என்றுதான் எல்லாரும் முதலில் நினைப்பார்கள். வித்தியாசம் இருந்தது உண்மை. மூடூல்ஸ் எத்தனை அடுக்கு இருந்தாலும் உடைத்துவிடும். மொழி கொண்டுவந்தது, சொல்லாவிட்டால் ஓர் அடுக்கு மட்டும். ஆனால் மோதல் அதனால் அல்ல. மூடூல்ஸ் தன் ஃப்ளாட்டனை, ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று பாராமல், மேலேயே எழுதிவிடும். ஆகவே பழைய தளத்துக்குப் பழைய ஃப்ளாட்டன்தான் கிடைத்திருக்கும்.

சிக்கல் அடுத்த படியில். மூடூல்ஸில் ‘எலிமென்ட்ஸ்’ என்று இன்னொரு வகை உண்டு. பக்கத்தில் உள்ள பொத்தான்கள், படங்கள் போன்றவற்றைத் தொகுத்து வைப்பது. அர்ரேக்குத் தான் சேர்த்த மெத்தட்கள் அதற்கும் வேண்டும் என்று, அர்ரேயின் புரோட்டோடைப் மேல் ஒரு ‘ஃபார் இன்’ ஓட்டி, அகப்பட்டவற்றையெல்லாம் எலிமென்ட்ஸுக்கு நகல் எடுத்தது. நாம் ஒட்டியவை மட்டும் எட்டிப் பார்க்கும், மொழியோடு பிறந்தவை பார்க்காது என்ற அந்தக் குணத்தையே சல்லடையாக்கிக்கொண்டது. சாமர்த்தியம்தான். இப்போது மொழியே ஒரு ஃப்ளாட்டனைக் கொண்டுவருகிறது. அதற்கு ‘எண்ணத்தகாதது’ முத்திரை உண்டு. மூடூல்ஸ் அதன்மேல் தன் ஃபங்ஷனை எழுதும்போது உள்ளடக்கம் மாறுகிறது, முத்திரை மாறுவதில்லை. அது ஜாவாஸ்கிரிப்டின் விதி. சல்லடை ஓடும்போது ஃப்ளாட்டன் கண்ணில் படவில்லை. எலிமென்ட்ஸுக்கு நகல் போகவில்லை. அதை நம்பியிருந்த நிரல், ‘ஃப்ளாட்டனா? அப்படி ஒன்று இல்லையே’ என்று நின்றுவிட்டது.

மூடூல்ஸை எழுதியவர்கள் 2006-இல் இதை யூகித்திருக்க முடியுமா? முடியாது. விதிகளை அறிந்து, அவற்றுக்குள் நின்று எழுதிய நிரல்தான். பொதுவான ஒரு பொருளில் பெயர் வைப்பதன் ஆபத்து இப்படித்தான் வருகிறது. எழுதிய அன்று எந்தத் தவறும் இருக்காது. தவறு வேறொருவரின் வரவால் உண்டாகிறது.

‘போகட்டும், பழைய தளம் ஒன்று உடைந்தால் என்ன?’ என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். அந்தத் தளத்தை நடத்துகிறவர் நிரலை மறந்து பல வருடம் ஆகியிருக்கும். பார்க்கிறவருக்கு மூடூல்ஸும் தெரியாது, ஃப்ளாட்டனும் தெரியாது. நேற்று வேலை செய்தது, பிரவுசரைப் புதுப்பித்ததும் வேலை செய்யவில்லை. ஆகவே பிரவுசர் மோசம், அவ்வளவுதான் அவர் கணக்கு. எனவே எந்த பிரவுசர் நிறுவனமும் முதலில் தலையைக் கொடுக்காது. இணையத்தை உடைக்காதே என்பது டிசி39 குழுவில் கிட்டத்தட்ட சட்டம். குடிசையில் ஆள் இருக்கும்வரை சாலைதான் வளைந்து போக வேண்டும்.

அப்படி வளைந்த சாலைகள் நிறைய. ஒரு பொருள் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்கும் மெத்தடுக்கு முதலில் வைத்த பெயர் ‘கன்டெய்ன்ஸ்’. 2014-இல் அதே மூடூல்ஸோடு மோதியதால் ‘இன்க்ளூட்ஸ்’ ஆகி 2016-ஆம் ஆண்டுத் தரத்தில் வந்தது. குறிப்பிட்ட இடத்தில் உள்ளதை எடுத்துத் தரும் மெத்தட் ‘ஐட்டம்’ என்று வர முயன்று, பழைய நிரல்களோடு மோதி, ‘அட்’ ஆனது. பட்டியலை வகைவகையாகப் பிரிக்கும் ‘குரூப்பை’ வந்தது, மோதியது. ‘குரூப்’ என்று சுருக்கிப் பார்த்தார்கள், அதுவும் மோதியது. கடைசியில் அர்ரேயே வேண்டாம் என்று அதை ஆப்ஜெக்ட், மேப் ஆகிய வேறு இரண்டின் கீழ் வைத்து 2024-இல் தரமாக்கினார்கள். ‘வேல்யூஸ்’ கதை இன்னும் விநோதம். அந்தப் பெயரைக் காப்பாற்ற, பழைய ‘வித்’ கட்டளைக்குள் சில பெயர்களை மட்டும் மறைத்துவைக்கும் தனிப் பொறியையே மொழியில் சேர்த்தார்கள். ஒரு பெயருக்காக ஒரு பொறி!

இவையெல்லாம் குழுவின் தலைவலி, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. சாதாரண நிரலாளருக்கும் அடி விழுந்திருக்கிறது. புரோட்டோடைப் லைப்ரரியின் பழைய பதிப்புகள் அர்ரேயில் ‘டூஜேசான்’ என்று ஒன்றை ஒட்டியிருந்தன. பட்டியலைச் சர்வருக்கு அனுப்ப ஏதுவாக எழுத்துச் சரமாக மாற்றித் தரும். பிறகு பிரவுசர்களே ஜேசான் மாற்றும் வசதியைக் கொண்டுவந்தன. அந்த வசதி, எந்தப் பொருளிலாவது அதே பெயரில் மெத்தட் இருந்தால் முதலில் அதைக் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். விளைவு, லைப்ரரி ஒருமுறை சரமாக்கியதை பிரவுசர் இன்னொரு முறை சரமாக்கியது. 1, 2, 3 என்ற மூன்று எண்களின் பட்டியலாகப் போக வேண்டியது, மேற்கோள் குறிக்குள் அடைபட்ட ஒரே சரமாகச் சர்வருக்குப் போனது. பிழைச் செய்தி எதுவும் வராது. தரவு மட்டும் தப்பாகப் போகும். நின்றுபோகும் நிரலைவிட இப்படி அமைதியாகத் தப்பு செய்யும் நிரல் பல மடங்கு ஆபத்தானது.

இந்த ஆசை ஜாவாஸ்கிரிப்டுக்கு மட்டும் உரியதல்ல. ரூபியிலும் எந்த வகுப்பையும் திறந்து சேர்க்கலாம். ரெயில்ஸ் கட்டமைப்பு அர்ரேயில் இரண்டாவது, மூன்றாவது என்று ஐந்தாவது வரை எடுத்துத் தரும் மெத்தட்களைச் சேர்த்ததோடு நில்லாமல், நாற்பத்திரண்டாவதை எடுக்கவும் ஒரு மெத்தடை வைத்திருக்கிறது. அந்த எண்ணைப் பிரபலமாக்கிய எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸின் வாசகர்களுக்கான கண்சிமிட்டல். ரூபிக்காரர்களுக்கும் மோதல் கசந்தபோது, 2013-இல் வந்த 2.0 பதிப்பில் ‘ரிஃபைன்மென்ட்’ என்ற ஏற்பாடு வந்தது. நீங்கள் சேர்த்தது, ‘பயன்படுத்துகிறேன்’ என்று வெளிப்படையாக அறிவித்த கோப்புக்குள் மட்டும் செல்லும்; பக்கத்துக் கோப்புக்குத் தெரியவே தெரியாது.

2007-இல் சி ஷார்ப் மொழி எடுத்த வழி இன்னும் சுத்தமானது. வெளியே தனி ஃபங்ஷனாக எழுதுவீர்கள். அழைக்கும்போது மட்டும் அந்தப் பொருளின் மெத்தட் போல எழுதலாம். கம்பைலர் அதைத் தனி ஃபங்ஷனாக மாற்றிக்கொள்ளும். மூல வகுப்பை யாரும் தொடுவதில்லை. காட்லினும் இதே பாதைதான். ஒரு சூட்சுமம் மட்டும் உண்டு: அந்த வகுப்பே பிற்பாடு அதே பெயரில் ஒரு மெத்தடைக் கொண்டுவந்தால், வகுப்பினுடையதுதான் வெல்லும். மறுபடி கம்பைல் செய்யும்போது உங்களுடையது சத்தமில்லாமல் ஒதுங்கிவிடும். ஆனாலும் அந்தச் சேதம் உங்கள் நிரலோடு முடிந்துவிடும், அடுத்தவர் தளம் உடையாது. பைத்தானோ இந்தப் பேச்சுக்கே இடம் கொடுப்பதில்லை. உள்ளமைந்த லிஸ்ட் வகையில் ஒரு பெயரை ஒட்டப் போனால் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும். எனக்கு அந்தக் கறார் பிடித்திருக்கிறது.

அர்ரேயிலிருந்து ஒரு கிளை வகுப்பை உருவாக்கி, அதில் மட்டும் மெத்தட்களைச் சேர்க்கலாமே என்று கேட்கலாம். 2015-க்குப் பின் ஜாவாஸ்கிரிப்டில் அதுவும் முடியும். அடுத்தவர் வீட்டில் கை வைப்பதில்லை என்பது லாபம். ஆனால் சர்வரிலிருந்து வரும் பட்டியலும், வேறு லைப்ரரி தரும் பட்டியலும் சாதா அர்ரேயாகவே வந்து சேரும். ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த மாற்றும் வரியை எழுதுகிற நேரத்தில் வெறும் ஃபங்ஷனாகவே எழுதிவிடலாம்.

ஜாவாஸ்கிரிப்டில் நம் தமிழ்வரிசைக்கும் அதுதான் வழி. ‘சொற்கள்.தமிழ்வரிசை()’ என்பதற்குப் பதில் ‘தமிழ்வரிசை(சொற்கள்)’. ஒரு கோப்பில் எழுதி, வேண்டிய இடத்தில் இறக்குமதி செய்துகொள்ளலாம். அண்டர்ஸ்கோர் லைப்ரரி 2009-லேயே இந்த வழியில் போனது: எல்லாவற்றையும் ஒரே ஓர் அடிக்கோட்டின் கீழ் வைத்துக்கொண்டு, அர்ரே பக்கமே போகவில்லை. அதனால் எந்தப் புதுப் பெயரும் அதோடு மோதவில்லை.

இழப்பு இல்லாமல் இல்லை. வடிகட்டு, மாற்று, வரிசைப்படுத்து என்று இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகும் சுகம் போய்விடும். ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷன் என்று அடுக்கினால் உள்ளேயிருந்து வெளியே படிக்க வேண்டும். இதைச் சரிசெய்ய ‘பைப்லைன்’ குறி ஒன்று குழுவின் மேசையில் பல வருடமாகக் கிடக்கிறது. அது வரும்வரை, நடுவில் ஒரு மாறியை வைத்துக்கொண்டால் நிரல் இன்னும் தெளிவாகத்தான் இருக்கும்.

தமிழில் பெயர் வைத்தால் குழுவோடு மோதலே வராதே என்று ஒரு குறும்பான யோசனை வரலாம். உண்மைதான். ‘தமிழ்வரிசை’ என்ற பெயரை டிசி39 ஒருநாளும் கேட்கப்போவதில்லை. ஆனால் இன்னொரு தமிழ் நிரலாளர் கேட்கலாம். அவருடைய தமிழ்வரிசை கிரந்த எழுத்துகளை முதலில் வைக்கும், உங்களுடையது கடைசியில் வைக்கும். பக்கத்தில் எது பின்னால் ஏறியதோ அதுவே நிற்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. தரத்தில் வந்துவிட்ட மெத்தட் பழைய பிரவுசரில் இல்லையென்றால், அதே பெயரில், அதே நடத்தையோடு நிரப்பி வைக்கலாம். பாலிஃபில் என்பார்கள். தரம் முடிவாகும் முன்பே அவசரப்பட்டு நிரப்பினால், அதுவே அடுத்த குடிசை. மற்றபடி, தன் வீட்டுக் கணினியில் மட்டும் ஓடும் சின்னச் சின்ன நிரலில் என்ன வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளுங்கள், கேட்பாரில்லை. பிறர் நிரலோடு சேர்ந்து ஓடப்போகும் எதிலும், குறிப்பாக லைப்ரரி என்று வெளியிடும் எதிலும், அர்ரேயின் புரோட்டோடைப்பைத் தொடாதீர்கள்.

பழைய தளம் ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு உங்களுடையதானால் இன்னொரு வேண்டுகோள். 2006, 2007 வாக்கில் ஏற்றிய மூடூல்ஸோ புரோட்டோடைப்போ அதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள். இருந்தால், அதைக் கழற்றுகிற வேலையை இந்த வருடக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.